காலில் போட்ட பேனாக் கோடு

என் வலது காலில் மூன்று நாளைக்குப் பேனாக் கோடுகள் இருந்தன. கணுக்காலுக்கு மேலே ஒன்று, கெண்டைச் சதையில் ஒன்று, முழங்காலுக்கு நாலு விரல் கீழே ஒன்று. ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் நேரம் எழுதியிருந்தது: 8.15, 9.15, 11.15. நான் தையல்காரி. பதினாறு வருஷமாகத் துணியில் கோடு போட்டுப் பிழைப்பவள். என் உடம்பில் இன்னொருவர் கோடு போட்டு நான் பிழைத்த கதை இது.

எங்கள் வீடு தர்மபுரி - பென்னாகரம் சாலையில், இண்டூரைத் தாண்டி உள்ளே தள்ளி ஒரு கொட்டாயில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்குக் கொட்டாய் என்றால் சினிமாக் கொட்டாய்தான் ஞாபகம் வரும். எங்கள் பக்கம், ஊருக்குள் இல்லாமல் அவரவர் நிலத்திலேயே நாலைந்து குடும்பம் வீடு கட்டிக்கொண்டு இருந்தால் அது கொட்டாய். எங்களுக்கு முக்கால் ஏக்கர் மானாவாரி. ஆடியில் கடலை விதைத்தால் ஐப்பசியில் பிடுங்குவோம். 2023 ஐப்பசியில், பிடுங்கிய கொடியை வாசலுக்குப் பக்கத்திலேயே போராகக் குவித்திருந்தோம். சாயந்தரம் ஆறரை மணி. மாட்டுக்கு ஒரு அணைப்புக் கொடி எடுக்கலாம் என்று போனேன். காலில் செருப்பில்லை, கையில் டார்ச் இல்லை. வாசல்தானே!

குக்கர் சீறுகிற மாதிரி ஒரு சத்தம். அது பாம்பு என்று புரிவதற்குள் கணுக்காலுக்குக் கீழே நெருப்புக் கங்கை வைத்து அழுத்தினாற்போல எரிந்தது. கண்ணாடி விரியன். அத்தை லைட்டோடு ஓடி வந்தபோது அது போருக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. முதுகில் வரிசையாகச் சங்கிலி போட்ட மாதிரி அடையாளம்.

என் வீட்டுக்காரர் டாடா ஏஸ் ஓட்டுகிறார். அந்த நேரம் பாலக்கோடு தக்காளி மண்டியில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் நான், அத்தை, பத்தாவது படிக்கும் மகன். சத்தம் கேட்டு அக்கம்பக்கம் கூடிவிட்டது. ஒரு பெரியவர் துண்டைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். ஒருவர் வேப்பிலையை மெல்லச் சொல்லி, கசக்கிறதா என்று கேட்டார். கசந்தது. கசந்தால் விஷம் ஏறவில்லை என்று சொல்லி எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். விஷக்கல் வைப்பவர் ஒருவர் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார், அவரைக் கூட்டி வரலாம் என்று வண்டி போனது. அவர் வீட்டில் இல்லை. இப்படியே நாற்பது நிமிஷம் போய்விட்டது. கால் மண்பானை மாதிரி வீங்கியது. எச்சில் துப்பினால் ஈறிலிருந்து ரத்தம். என் மகன் யாரையும் கேட்காமல் 108-க்குப் போன் அடித்தான். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பையன். அன்றைக்குப் பேசாமல் செய்துவிட்டான்.

அன்று நாங்கள் செய்ததில் பாதி தப்பு. இறுக்கிக் கட்டக்கூடாது. கட்டினால் விஷம் முழுசாக நிற்பதில்லை, ரத்த ஓட்டம்தான் நிற்கிறது. கீறக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது, ஐஸ் வைக்கக்கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வைத்து, கை கால் முறிந்தவருக்குச் செய்வதுபோல ஒரு பலகையையோ குச்சியையோ வைத்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் கொண்டுபோக வேண்டும். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் வீக்கம் ஏறுவதற்கு முன்னாலேயே கழற்றிவிட வேண்டும். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். தூரத்திலிருந்து போட்டோ எடுக்க முடிந்தால் சரி, முடியாவிட்டால் விட்டுவிடலாம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. பாதியை ஆம்புலன்ஸ் தம்பி சொன்னார், மீதியைச் சிஸ்டர் சொன்னார்.

சிஸ்டர் என்றுதான் எழுதப்போகிறேன். பெயர் எழுதினால் திட்டுவார்.

எட்டு மணிக்குத் தர்மபுரி பெரியாஸ்பத்திரி. ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது மேலே ட்யூப் லைட்டுகள் ஓடுவது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. முதலில் வந்த முகம் அவருடையது. முப்பது வயதுக்குள் இருக்கும். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் காலைப் பார்த்தார். அவர் முதலில் கேட்டது எத்தனை மணிக்குக் கடித்தது என்று. இரண்டாவதாக, "மெட்டி ஏன் இன்னும் கால்ல இருக்கு?"

அத்தை பதறிவிட்டார். "மெட்டியக் கழட்டக்கூடாதும்மா, அவ புருசன் வேற ரோட்டுல வந்துக்கிட்டு இருக்கறான்." இப்படிப் பேசுகிற மாமியார்களை ஆஸ்பத்திரியில் என்ன பாடு படுத்துவார்கள் என்று எனக்குத் தெரியும். என் பெரியம்மாவுக்கு வேறொரு இடத்தில் நடந்திருக்கிறது. சிஸ்டர் குரலை உயர்த்தவில்லை. "பாட்டி, மெட்டி உங்க கையிலயே இருக்கட்டும், முந்தானையில முடிஞ்சு வெச்சுக்குங்க. விரல் போயிடுச்சுன்னா அப்புறம் எதுல மாட்டுவீங்க?" அத்தை ஒன்றும் சொல்லாமல் முந்தானையை விரித்துப் பிடித்தார்.

மெட்டி கழன்றால்தானே! விரல் அதற்கு மேலும் கீழும் பிதுங்கி நின்றது. சிஸ்டர் தையல் போடும் பட்டு நூலை எடுத்து, ஒரு முனையை மெட்டிக்கு அடியில் நுழைத்துவிட்டு, மெட்டியை ஒட்டினாற்போல விரல் நுனிவரை நெருக்கமாகச் சுற்றினார். பிறகு அடிப்பக்க முனையைப் பிடித்து மெதுவாகப் பிரிக்கப் பிரிக்க, நூல் மேல் ஏறி மெட்டி முன்னால் நகர்ந்தது. வலியில் நான் கத்தினேன். இருந்தாலும், நூலை இப்படியும் பயன்படுத்தலாமா என்று தையல்காரி புத்தி ஓரத்தில் வியந்துகொண்டிருந்தது. மூன்றாவது தடவையில் வந்துவிட்டது.

என் காலில் இருந்த துண்டுக் கட்டை அத்தை அவிழ்க்கப் போனார். அதை மட்டும் சிஸ்டர் தடுத்தார். ஏற்கெனவே கட்டிவிட்டால் அதைச் சட்டென்று அவிழ்க்கக்கூடாதாம், தேங்கியிருக்கும் விஷம் ஒரேயடியாக ஏறிவிடும். டாக்டர் வந்து, கையில் ஊசி ஏற்றி, மருந்து போக ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள்.

இதற்கு நடுவில் ஒரு கண்ணாடிக் குழாயில் என் ரத்தம் கொஞ்சம் எடுத்து ஜன்னல் திட்டில் நிறுத்தி வைத்தார். "இருபது நிமிஷம் யாரும் இதத் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது" என்றார். இருபது நிமிஷம் கழித்து அத்தையைக் கூப்பிட்டு அவர் கண் முன்னால் குழாயைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. நல்ல ரத்தம் அதற்குள் உறைந்திருக்க வேண்டும். விரியன் விஷம் உறைய வைக்கும் சத்தையெல்லாம் தின்றுவிடுகிறது. இந்தச் சோதனைக்கு மெஷின் வேண்டாம், சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயும் கடிகாரமும் போதும். அதுவரைக்கும் "கல்லு வெச்சிருந்தா போயிருக்கும்" என்று முனகிக்கொண்டிருந்த அத்தை, அந்தக் குழாயைப் பார்த்த பிறகு கல்லைப் பற்றிப் பேசவே இல்லை. சிஸ்டர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, காட்டினார். அவ்வளவுதான்.

விஷமுறிவு மருந்து பொடியாகக் குப்பியில் வருகிறது. ஒவ்வொன்றிலும் பத்து மில்லி தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும். சிஸ்டரும் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணும் உள்ளங்கைகளுக்கு நடுவே குப்பியை வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்கள். பத்துக் குப்பி. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரே அளவு. ஆள் சின்னது என்பதற்காகப் பாம்பு விஷத்தைக் குறைத்தா கக்குகிறது?

டிரிப்ஸில் மருந்தை விட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் தலைமாட்டில் உட்கார்ந்தார். "முதல் பத்துப் பதினஞ்சு நிமிஷம் நான் இங்கதான் இருப்பேன். அரிப்பு எடுத்தா, தொண்டை அடைச்சா, குளிர் வந்தா, சின்னதா இருந்தாலும் சொல்லுங்க. அப்புறம் சொல்லிக்கலாம்னு இருக்காதீங்க அக்கா." குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து அது. சிலர் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளாது. எனக்கு ஏழாவது நிமிஷமோ எட்டாவது நிமிஷமோ உச்சந்தலையில் அரிப்பு வந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன், பேன் கடியாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். கை தலைக்குப் போனதை அவர் பார்த்துவிட்டார். டிரிப்ஸை நிறுத்தி, டாக்டரைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டு, தொடையில் ஊசி போடும்போது என் உதடு தடித்திருந்தது. அரைமணி கழித்து மறுபடி மெதுவாக ஆரம்பித்தார்கள். அந்த நேரம் அவர் அங்கே இல்லாமல் வேறு கட்டிலில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இப்போது யோசிப்பதில்லை. அன்றைக்கு ரொம்ப யோசித்தேன்.

இவ்வளவுக்கும் நடுவில்தான் பேனாக் கோடு. வீக்கம் எதுவரை வந்திருக்கிறதோ அந்த இடத்தில் கோடு, பக்கத்தில் நேரம். இஞ்ச் டேப்பை வைத்துச் சுற்றளவும் எடுத்தார். நான் படுத்தபடியே, "டேப்ப லூசாப் பிடிக்கிறீங்க சிஸ்டர்" என்றேன். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

பாதி ராத்திரிக்கு மேல் மறுபடி குழாய். மறுபடியும் உறையவில்லை. இன்னொரு பத்துக் குப்பி. காலை எட்டரைக்கு மூன்றாவது தடவை சாய்த்தபோது, கவிழ்த்தும் விழாத களி உருண்டை மாதிரி ரத்தம் அப்படியே நின்றது. டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

எல்லோரும் இங்கேயே கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு நிஜமான ஆபத்து இதற்கு அப்புறம்தான் வந்தது.

கண்ணாடி விரியன் விஷம் கிட்னியைப் பிடிக்கும். அதனால் எவ்வளவு சிறுநீர் போகிறது என்று அளந்து எழுத வேண்டும். அளவுக் கோப்பை ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். இரண்டாவது நாள் நான் அதைச் சரியாகச் செய்யவில்லை. ஏன் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து நடக்கக்கூடாது, பெட் பேன்தான். அறுபத்தெட்டு வயது அத்தையைக் கட்டிலுக்கு அடியில் பாயிலிருந்து எழுப்ப வேண்டும். சுற்றிலும் ஆட்கள். அதனால் தண்ணீரையே குறைத்துவிட்டேன். பஸ்ஸில் தூரப் பயணம் போகும்போது நாம் செய்வோமே, அந்தப் பழக்கம். யாராவது கேட்டால், "நல்லாப் போச்சு சிஸ்டர்."

அன்று ராத்திரியும் அவர்தான் டியூட்டி. பதினோரு மணிக்கு வந்து கேட்டார், அதையே சொன்னேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை. குனிந்து கோப்பையை எடுத்துப் பார்த்தார். அது காய்ந்து கிடந்தது.

"அக்கா, ஜாக்கெட் தைக்க வர்றவங்ககிட்ட சுமாரா முப்பத்தாறு இருக்கும்னு எழுதிக்குவீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. கூச்சமாக இருக்கிறது என்று அப்போதுதான் சொன்னேன். அவர் மறைப்புத் திரையை இழுத்துவிட்டார், அத்தையை எழுப்பவில்லை. அவரே பெட் பேன் வைத்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நின்றபடி, நைட்டி தைக்க இப்போது என்ன கூலி வாங்குகிறீர்கள், லைனிங் துணி எங்கே எடுப்பீர்கள் என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சு எதற்காக என்று எனக்குப் புரியாமலில்லை. அன்று ராத்திரி மூன்று தடவை அப்படி வந்தார். பதினொன்றிலிருந்து விடிகாலை ஐந்து மணிவரை மொத்தம் 90 மில்லி, கட்டங்காப்பி நிறத்தில். மணிக்கு 30 மில்லியாவது போக வேண்டுமாம். ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் ஐந்து மணிக்கே டாக்டருக்குப் போன் செய்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தால், கிட்னி கெட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் நாலைத் தாண்டியிருந்தது. மூன்று தடவை டயாலிசிஸ் செய்தார்கள். பதினாறு நாள் இருந்துவிட்டு, நல்ல கிட்னியோடு வீட்டுக்கு வந்தேன்.

அன்பான நர்ஸ் என்றால் சிரித்த முகம், இனிமையான பேச்சு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இவர் அப்படி ரொம்ப இனிமையாகப் பேசுகிற ஆள் இல்லை. சில நேரம் சுள்ளென்று விழுவார். அவருடைய அன்பெல்லாம் அந்த அளவுக் கோப்பையிலும் கடிகாரத்திலும்தான் இருந்தது.

ஆனால் யாரையும் சின்னதாக்க மாட்டார். பக்கத்துக் கட்டிலுக்கு ஊரிலிருந்து வந்த ஒருவர் பச்சிலைச் சாறு கொண்டுவந்து, எனக்கும் அரை டம்ளர் கொடுக்கச் சொல்லி அத்தையிடம் கொடுத்தார். சிஸ்டர் பார்த்துவிட்டார். "இத எங்கிட்டக் குடுங்க பாட்டி, டாக்டர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்று வாங்கி மேஜை மேல் வைத்தார். டாக்டர் வேண்டாம் என்றார். அவ்வளவுதான், கொண்டுவந்தவருக்கும் முகம் வாடவில்லை.

கூட இருப்பவர்களுக்குக் கொஞ்சம். வலிக்கிறதே என்று மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மாதிரியானவை ரத்தக் கசிவை அதிகமாக்கும், கிட்னிக்கும் கெடுதல். ஏற்கெனவே சாப்பிடும் சுகர், பிரஷர் மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை மணிக்குக் கடித்தது, எத்தனை மணிக்கு வாந்தி, எத்தனை மணிக்கு ரத்தம் என்று ஒரு தாளில் எழுதி வைத்தால், கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைச் சொல்லலாம். என் மகன் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தான். சிஸ்டர் அதை வாங்கிப் பார்த்துக் கேஸ் ஷீட்டில் ஏற்றினார். அவனுக்கு அன்றைக்குக் கிடைத்த மரியாதை இருக்கிறதே, மார்க் ஷீட்டில் கிடைக்காது.

டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவர்களிடம் சிஸ்டர் ஒன்று சொல்வார். மருந்து போட்டதிலிருந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், மூட்டு வலி, உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் அது மருந்தால் வருவது, உடனே வர வேண்டும் என்று. எனக்கு அதெல்லாம் வரவில்லை. என்னோடு இருந்த ஒரு பெண்ணுக்கு வந்தது. தெரிந்திருந்ததால் பயப்படாமல் வந்து மாத்திரை வாங்கிப் போனாள்.

வீட்டில் படுத்துக் கிடந்த ஒரு மாதம் போனில் இதைப் பற்றியே படித்தேன். 2000 முதல் 2019 வரை பார்த்தால், இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் செத்திருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வுக் கணக்கு. பெரும்பாலும் எங்களை மாதிரிக் காட்டு வேலை செய்கிறவர்கள். எனக்கு ஏற்றிய மருந்தின் பின்னால் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாதிரி இடங்களின் உழைப்பும் இருக்கிறது. அவர்கள் பாம்பைப் பிடித்து விஷம் எடுத்து மருந்துக் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறார்கள். 2023-இல் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தபோது டிவியில் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவள் நான். அதே வருஷம் எனக்கே அந்த மருந்து தேவைப்பட்டது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஆஸ்பத்திரிகள் ஒவ்வொரு கடியையும் கணக்கில் காட்ட வேண்டும். நானும் எங்கேயோ ஒரு கணக்கில் இருப்பேன்.

இப்போது கடலைக்கொடிப் போர் வீட்டிலிருந்து தள்ளித்தான். இருட்டினால் டார்ச், காலில் முட்டுவரை ரப்பர் பூட்ஸ். ஊரில் கொஞ்ச நாள் "போலீஸ்காரம்மா" என்று கேலி செய்தார்கள். தரையில் பாய் போட்டுப் படுத்த அத்தைக்குக் கட்டிலும் கொசுவலையும் வாங்கினோம். கட்டுவிரியன் ராத்திரியில், தரையில் தூங்குபவரைத்தான் அதிகம் கடிக்கும். வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. காலையில் கண் இமை சொருகுகிறது, வயிறு வலிக்கிறது என்றால் பாம்பையே நினைக்காமல் கஷாயம் வைத்துக்கொண்டிருப்போம். விரியனாவது சீறிவிட்டுக் கடித்தது.

நன்றி எப்படிச் சொல்வது என்று வீட்டுக்காரரும் நானும் ரொம்பப் பேசினோம். டிஸ்சார்ஜ் அன்றைக்கு அவர் ஐந்நூறு ரூபாயை மடித்து நீட்டி, நல்ல திட்டு வாங்கினார். புடவை எடுக்கலாம் என்றார், அதுவும் திட்டு வாங்கும் வழிதான். கடைசியில் ஆஸ்பத்திரியின் செவிலியர் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எந்த வார்டு, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்ன செய்தார் என்று எழுதினேன். 'தெய்வம்', 'தேவதை' எல்லாம் வேண்டாம் என்று அடித்துவிட்டேன். அளவுக் கோப்பை, ஐந்து மணி போன், பட்டு நூல், இவைதான் இருந்தன. குறை சொல்லி எழுதும் கடிதங்களுக்கு நடுவில் இப்படி ஒன்று போய்ச் சேர்ந்தால் அது அவருடைய வேலையில் ஏதோ ஒரு மூலையில் உதவும் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்துக் கிரியாட்டினின் பார்க்கப் போனபோது, வறுத்த கடலை ஒரு பையில் எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. அப்புறம் பார்வை கீழே போனது, என் கால் விரலுக்கு. "அட, மெட்டி!" என்றார்.

கடலையை வார்டு ஆயாவிடம் கொடுத்துப் பங்கு போடச் சொன்னார். கேஸ் ஷீட் எழுதிக்கொண்டே, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டார். சுமாராக என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "ரெண்டரை லிட்டர்" என்றேன். அப்போதுதான் கவனித்தேன். அவருடைய வெள்ளைக் கோட்டுப் பாக்கெட்டின் அடித்தையல் பிரிந்து, ஒரு பேனா பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. என் பர்ஸில் எப்போதும் ஊசி நூல் இருக்கும். கழற்றிக் கொடுங்கள் என்றேன். வேண்டாம் வேண்டாம் என்றவர், நான் ஊசியில் நூல் கோத்துவிட்டதைப் பார்த்துக் கழற்றிக் கொடுத்தார்.

"ரெட்டைத் தையலாப் போடுங்க அக்கா. நாலு பேனா நிக்கணும்."

பாதி தைத்திருப்பேன். எட்டாம் நம்பர் கட்டிலிலிருந்து "சிஸ்டர்!" என்று ஒரு குரல். கோட் இல்லாமலே எழுந்தார். போகிற போக்கில் மேஜை மேலிருந்து ஒரு பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.